மூளை அலையும் வலிப்பு நோயும்

வலிப்பு நோயைப் பண்டைய கிரேக்கர் 'புனித நோய்' என அழைத்தனர். நின்றவன் நின்றபடியே விழுந்து, உடல் முறுகி, நுரைகக்கி, சிறிது நேரத்தில் ஒன்றும் நிகழாதவன்போல எழுந்து செல்லும் காட்சிக்குத் தெய்வத்தின் தீண்டலன்றி வேறு காரணம் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஹிப்போக்கிறத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் அடங்கியதும், கி. மு. 400ஐ அண்டி எழுதப்பட்டதாகக் கருதப்படுவதுமான சிறுநூலொன்று இக்கருத்தை மறுத்தது. இந்நோய் ஏனைய நோய்களைக் காட்டிலும் தெய்விகமானதன்று. இதன் இருப்பிடம் மூளையே என அது வாதிட்டது. வாதம் சரியானதே. ஆயினும் அதற்குக் காட்டப்பட்ட காரணம், மூளையிலிருந்து இறங்கும் சளி நாளங்களை அடைக்கின்றது என்பதாகும். முடிவு சரியாகவும் சான்று பிழையாகவும் அமைந்த இந்நிலை ஏறத்தாழ இருபத்து மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. சான்று எவ்வாறு கிட்டியது என்பதும், கிட்டிய சான்றைக் கொண்டு மருத்துவ உலகம் என்ன செய்தது என்பதும் வெவ்வேறான இரு கதைகள். முதலாவது பெருமையோடு பலராலும் சொல்லப்படுவது. இரண்டாவது அத்துணை விருப்போடு சொல்லப்படுவதில்லை.

கருவி எதுவுமின்றியே உண்மையை அணுகியவர் இலண்டன் குயின் ஸ்குவயர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் ஹியூலிங்ஸ் ஜாக்சன் ஆவார். வலிப்புச் சிலரிடத்துப் பெருவிரலிலே தொடங்கிக் கை, புயம், முகம் என ஒழுங்காக முன்னேறிச் செல்வதை அவர் கூர்ந்து அவதானித்தார். இவ்வொழுங்கு உடலில் உள்ள ஒழுங்கன்று, மூளையின் மேற்பட்டையில் உடலுறுப்புகள் இடம்பெறும் ஒழுங்கே என்பது அவர் துணிபு. 1873இல், சாம்பல்நிறப் பகுதியில் அவ்வப்போது சடுதியாகவும் அளவுமீறியும் நிகழும் வெளியேற்றத்துக்கே வலிப்பு என்பது பெயர் என அவர் வரைவிலக்கணம் வகுத்தார். வெளியேற்றம் என்ற சொல்லால் அவர் கருதியது நரம்புப் பொருளில் தேங்கிய சத்தி சடுதியாக விடுபடுவதையே. அச்சொல் மின்னியலார்க்கும் உரியதாய் அமைந்தமை ஒரு நற்பேறு எனலாம். அறுபது ஆண்டுகளின் பின்னர் மின்கருவி அதனை எழுத்துக்கெழுத்து மெய்ப்பித்தது.

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதலிற் கண்டவர் லிவர்பூல் மருத்துவரான றிச்சேட் கேற்றன். முயல்களினதும் குரங்குகளினதும் திறந்த மூளையில் மின்வாய்களைப் பொருத்தி, ஆடிக் கல்வனோமானியின் ஒளிப்புள்ளி அசைவதை அவர் கண்டார். 1875இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் எடின்பரோக் கூட்டத்தில் அதனை அறிவித்தார். எவரும் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1890இல் போலந்து அறிஞர் அடோல்வ் பெக் தாமே முதன்முதலிற் கண்டதாகக் கருதி இதனையே வெளியிட்டார். வியன்னாவைச் சேர்ந்த பிளைஷ்ல் என்பார், தாம் 1883இலேயே கண்டு, முத்திரையிட்ட கடிதமாக அங்குள்ள கழகத்தில் ஒப்படைத்ததாக உரிமை கோரினார். இவ்விருவர் வழக்கு நடந்துகொண்டிருக்கையில், இருவர்க்கும் முன்னரே தாம் அச்சிலேற்றிய குறிப்பைக் கேற்றன் அடக்கமாக நினைவூட்டி வழக்கை முடித்துவைத்தார். பின்னாளில் அவர் லிவர்பூலின் நகரபிதாவாகவும் விளங்கினார். 1914இல், போலந்தின் கிராக்கோவ் நகரில், செயற்கையாக வலிப்பூட்டப்பட்ட விலங்கொன்றின் மூளை மின்னோட்டம் ஒளிப்படமாகப் பதிவாயிற்று. அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. அவ்வாராய்ச்சி தொடர வழியில்லாது போயிற்று.

மனித மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்த பெருமை ஜேர்மனியின் யெனா பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் பேர்கரைச் சாரும். அவரை இவ்வாராய்ச்சிக்கு இட்டுச்சென்ற நோக்கம் இன்றைய விஞ்ஞானிகளை நாணச்செய்யக்கூடியது. இளமையிற் படைச்சேவையில் இருந்தபோது குதிரையினின்று விழுந்து, பீரங்கிவண்டியின் சக்கரத்திலிருந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலை தந்தையிடமிருந்து தந்தியொன்று வந்தது. ஊரிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென உணர்ந்து வற்புறுத்தியதால் அனுப்பப்பட்ட தந்தி அது. தம் அச்சம் தொலைவிலிருந்த தமக்கையின் உள்ளத்தை எட்டியது என அவர் இறுதிவரை நம்பினார். உள்ளத்தின் சத்தி எவ்வாறு உடலின் சத்தியாக மாறுகின்றது என்பதே அவர் தேடிய பொருள். மூளை அலை அவர் கைக்கு அகப்பட்டது அத்தேடலின் வழியில்.

1924 யூலை 6ஆம் நாள், சத்திரசிகிச்சையின் பொருட்டு மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த பதினேழு வயது இளைஞனின் தலையிலிருந்து முதற்பதிவு பெறப்பட்டது. இழைக் கல்வனோமானியின் அசைவு மிகச் சிறியது. அளக்கப்படவேண்டியதோ ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்திற் சில பத்துப் பங்குகளே. நாடித் துடிப்பா, தசையின் மின்னா, தோலின் மின்னா, தலையசைவா என்ற ஐயங்கள் பேர்கரை ஐந்தாண்டுகள் வாட்டின. முறையே ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கினார். தம் மகனையும் சோதனைக்குட்படுத்திப் பல பதிவுகள் எடுத்தார். நேரந்தவறாத, சிரிப்பறியாத நிருவாகி என்று மட்டுமே அவரை அறிந்திருந்த உடன்பணியாளர்களுக்கு, மாலைவேளைகளில் அவர் மேற்கொண்ட இம்முயற்சியின் பொருள் விளங்கவில்லை. 1929இலேதான் முதற்கட்டுரை வெளிவந்தது. கண்மூடி அமைதியாக இருப்பவரிடத்துச் செக்கனுக்குப் பத்தளவில் தோன்றும் அலைக்கு அல்பா என்றும், அதனினும் விரைந்த சிற்றலைக்குப் பீற்றா என்றும் பேர்கர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. அதே தலைப்பில் எண்ணிட்டு 1938 வரை பதினான்கு கட்டுரைகளை அவர் வெளியிட்டார்.

வலிப்பு நோயாளரின் பதிவுகளும் அவற்றுள் அடங்கும். பெருவலிப்பின் பின்னர் அலைகள் அடங்கிப்போவதையும், பின்னர் மெல்ல மீள்வதையும் அவர் காட்டினார். செக்கனுக்கு மூன்றளவில் எழும் பேரலைகளையும் அவர் கண்டிருந்தார். ஆனால் இங்கே அவருடைய எச்சரிக்கையே அவருக்குத் தடையாயிற்று. வலிப்பில் உடல் அசையும். உடல் அசைந்தால் மின்வாய் அசையும். மின்வாய் அசைந்தால் தாளிற் கோடு எழும். இவ்வலை மூளையினதா, அசைவினதா என்று துணிய இயலாமல் அவர் தயங்கினார். தயக்கம் நியாயமானது. எனினும் வலிப்பு ஆராய்ச்சியின் பெரும்பேறு அத்தயக்கத்தினாலே யெனாவைக் கடந்து சென்றது.

ஜேர்மனிக்கு வெளியே பேர்கரை உடற்றொழிலியலார் நம்பவில்லை. உளமருத்துவர் ஒருவர், அதுவும் மின்னியற் பயிற்சி குறைந்தவர், கோடானுகோடி நரம்புக்கலங்கள் ஒரே தாளத்தில் இயங்குகின்றன என்று கூறினால் எவ்வாறு நம்புவது? கேம்பிறிட்ஜில் நோபல் பரிசாளர் ஏட்றியனும் அவருடன் பணியாற்றிய மத்தியூசும் சிறந்த பெருக்கிகளைக் கொண்டு சோதித்து, 1934இல் உடற்றொழிலியற் கழகத்தின் முன்னிலையில் ஏட்றியனின் தலையிலிருந்தே அலையை எழுப்பிக் காட்டினர். கண்ணை மூடினால் அலை தோன்றியது; திறந்தால் மறைந்தது. அதன் பின்னர் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. அவ்வலைக்குப் 'பேர்கர் தாளம்' எனப் பெயரிட்டமை அவ்விருவரின் பெருந்தன்மையாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் லெனொக்ஸ், பிறெடறிக் கிப்ஸ், அவர் மனைவி ஏர்னா கிப்ஸ் ஆகியோர் அக்காலத்தில் வேறொரு கருத்தைச் சோதித்துக்கொண்டிருந்தனர். மூளைக்குச் செல்லும் குருதி சடுதியாகக் குறைவதாலேயே வலிப்பு உண்டாகின்றது என்பது பலரும் ஏற்ற கொள்கை. கழுத்து நாளத்தினுள் வெப்பமின் கருவியைச் செலுத்தி அளந்தபோது, வலிப்புக்கு முன்னர் குருதி குறையவில்லை என்று கண்டனர். 1934இல் வெளியான இம்முடிவு பழைய கொள்கையை வீழ்த்தியது. புதியதற்கு இடம் வெறுமையாயிற்று. அவ்வேளையில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஹலோவெல் டேவிஸ் பேர்கரின் முறையைப் பின்பற்றத் தொடங்கியிருந்தார். கடலடித் தந்திச் செய்தியை மையாற் கோடிட்டெழுதும் கருவியொன்றை அவருடைய ஆய்வுகூடம் மூளை அலையை எழுதுமாறு மாற்றியமைத்தது. இருண்ட அறையில் ஒளிப்படச் சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை காத்திருந்த நிலை மாறி, அலை எழும்போதே கண்முன் காண்பது இயல்வதாயிற்று. அடுத்து இளம் பொறியியலாளர் அல்பேட் கிறாஸ் கிப்சுக்கென மூன்று தடங்கள் கொண்ட கருவியைச் செய்து கொடுத்தார்.

அவர்கள் தெரிந்தெடுத்த நோயாளர்களைப் பற்றி இங்கே சற்று நின்று நோக்கல் வேண்டும். பெருவலிப்பு உடையோரை அவர்கள் முதலில் நாடவில்லை. சிறுவலிப்பு உடைய பிள்ளைகளையே நாடினர். பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை சடுதியாகப் பேச்சற்று, வெறித்து நோக்கிச் சில செக்கன்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும். விழுதலும் முறுகுதலும் இல்லை. ஆசிரியர் பலர் இதனைக் கவனயீனம் எனக் கருதித் தண்டித்ததும் உண்டு. நாளொன்றிற் பலமுறை நிகழ்வதாலும், பிள்ளையை விரைந்து ஆழமாக மூச்சுவிடச் செய்தால் விரும்பிய வேளையில் தோன்றுவதாலும் இது பதிவுக்கு மிக வாய்ப்பானது. இவை யாவற்றினும் மேலாக, உடல் அசையாத வலிப்பு இது. பேர்கரைத் தடுத்த ஐயத்துக்கு விடை இதனுள் அடங்கியிருந்தது. பிள்ளை அசைவற்றிருக்கையிலேயே தாளில் மலைமலையாக அலை எழுந்தது: கூர்முனை ஒன்று, வட்டமான பேரலை ஒன்று, மீண்டும் கூர்முனை, மீண்டும் பேரலை, செக்கனுக்கு மூன்று முறை. அலை தொடங்குகையிற் பிள்ளையின் பார்வை வெறித்தது. அலை நிற்கையில் நினைவு மீண்டது. 1935 டிசெம்பரில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் மூவரின் பெயரால் இக்கட்டுரை வெளிவந்தது. அதற்குரிய உழைப்பிற் பெரும்பங்கு ஏற்ற ஏர்னா கிப்சின் பெயர் தலைப்பில் இடம்பெறாமை அக்கால ஆராய்ச்சிக்கூடங்களின் வழக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜேர்மனியிற் பிறந்த அவரே பின்னாளில் ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கணவரோடு பகுத்தாராய்ந்து, 1941இல் மூளை அலைகளின் படத்தொகுதியை வெளியிட்டவர்.

பயன் விரைவில் விளைந்தது. பெருவலிப்பு, சிறுவலிப்பு, நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைச் சோணையிலிருந்து எழும் வலிப்பு என்பன வெவ்வேறு அலைவடிவங்களால் வேறுபடுத்தப்பட்டன. இவ்வேறுபாடு மருந்திலும் உண்மையாயிற்று. 1938இல் அறிமுகமான பெனிற்றோயின் பெருவலிப்பை அடக்கியது. சிறுவலிப்புக்கு அது உதவவில்லை. சிறுவலிப்புக்கெனத் தனி மருந்து உண்டு என்பதை 1945இல் லெனொக்சே காட்டினார். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டும் ஹேபேட் ஜாஸ்பரும் திறந்த மூளையின் மேல் மின்வாய்களைப் பரப்பி, வலிப்பு எழும் இடத்தைத் தேடிச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை வளர்த்தனர். இவ்வெற்றிகள் பரவலாக அறியப்பட்டவை.

மறுபக்கத்துக்கு வருவோம். பேர்கர் தம் அலைக் கட்டுரைகளை வெளியிட்ட அதே ஆண்டுகளில், 1933 யூலையில், ஹிட்லரின் அரசு பரம்பரை நோய் உடைய சந்ததியைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 1934 தை மாதம் முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. கட்டாயமாக மலடாக்கப்படவேண்டியோரின் நிரலிற் பரம்பரை வலிப்பும் இடம்பெற்றது. அச்சட்டத்தின் கீழ் மலடாக்கப்பட்டோரின் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம் எனக் கணிக்கப்படுகின்றது. பேர்கர் நாசி ஆட்சிக்கு இரையாகி, 1938இற் பதவி நீக்கப்பட்டு, மனமுடைந்து 1941இல் தற்கொலை செய்துகொண்டவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. தற்கொலை உண்மை, அவர் நீண்டகாலம் மனச்சோர்வால் வருந்தியதும் உண்மை. ஆனால் ஆவணங்கள் வேறொன்றையும் கூறுகின்றன. 2014இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியவாறு, யெனாவின் பரம்பரை நல மேல்நீதிமன்றில் அவர் உறுப்பினராய் அமர்ந்து, மலடாக்கும் தீர்ப்புகளுக்கு எதிரான மேன்முறையீடுகளை விசாரித்தவர்களுள் ஒருவர், எஸ். எஸ். அமைப்புக்கு நிதியுதவும் உறுப்பினராயும் இருந்தார். 1938இல் அவர் பதவியிலிருந்து சென்றது வயதுநிறைவால் என்பதும் தெளிவாகியுள்ளது. வலிப்பு மூளையின் நிகழ்ச்சி என்பதற்குத் தாளிற் சான்று கண்டவரே, வலிப்பைக் குருதியின் குற்றமாகக் கொண்ட சட்டத்தின் மன்றில் அமர்ந்திருந்தார். விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் புகழ்மாலையாகவே எழுதும் வழக்கம் எத்துணை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

இக்கறை ஜேர்மனியோடு நின்றதெனக் கருதுவது பிழை. அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலம் 1895இலேயே வலிப்பு நோயாளரின் திருமணத்தைத் தடைசெய்தது. பிற மாநிலங்கள் பலவும் தொடர்ந்தன. லெனொக்ஸ் இந்நோயாளர்க்காகத் தளராது உழைத்தவர். 1935இல் மீளவும் உயிர்பெற்ற அனைத்துலக வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் தலைவர். நோயாளர்க்குத் தொழிலும் கல்வியும் மறுக்கப்படலாகாது என வாதிட்டவர். அத்தகையவரே 1938இல் எழுதிய கட்டுரையொன்றில், அறிவு வளர்ச்சிக்கு வாய்ப்பின்றிப் பிறந்தோரைக் கருணையின் பெயரால் உயிர்நீக்குவதை ஆதரித்தார். ஒருவர் உள்ளத்தில் இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே வாழ்ந்தன என்ற வினாவை, அவரைப் பாராட்டும் கட்டுரைகள் பல தொடாமலே செல்கின்றன.

1940இல் லெனொக்சும் கிப்ஸ் தம்பதியரும் வலிப்பு நோயாளரின் நெருங்கிய உறவினரை மூளை அலைப் பதிவுக்கு உட்படுத்தினர். நோயற்ற உறவினருட் பாதிக்கு மேற்பட்டோரிடத்து அசாதாரண அலைகள் உள்ளனவென அறிவித்தனர். 'மூளைத் தாளக்கேடு' என்று அவர்கள் பெயரிட்ட நிலை பரம்பரையானது. வலிப்பு வெளிப்படாதோரிடத்தும் அது ஒளிந்திருக்கும் என்பது அவர்களது முடிவு. அவர்கள் கொண்ட இயல்பு எல்லை மிகக் குறுகியதாய் இருந்தமையும், பின்னாளில் இயல்பெனக் கருதப்பட்ட பல அலைகள் அன்று கேடெனக் கணக்கிடப்பட்டமையும் இவ்வெண்ணிக்கையை உயர்த்தின. நோய் இல்லாத ஒருவரைத் தாளிலுள்ள கோடு நோயின் காவியாக்கியது. முன்னர் ஊரார் வாய்ச்சொல் செய்த வேலையை இப்பொழுது கருவி செய்தது. கருவியின் சொல்லுக்கு மறுசொல் கூறுவது கடினம்.

இவ்வினாவை நிதானமாக அணுகியோர் மொன்றியலைச் சேர்ந்த மெற்றாக்கோஸ் தம்பதியர் ஆவர். கூர்முனைப் பேரலை உடைய பிள்ளைகளின் உடன்பிறந்தோரை வயதுவாரியாக ஆராய்ந்து 1961இல் அவர்கள் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. அவ்வலை உடன்பிறந்தோரிடத்துப் பள்ளிப் பருவத்தில் மிகுதியாகத் தோன்றி, வயது ஏற ஏறப் பெரும்பாலும் மறைந்தது. அவர்களுட் பெரும்பாலோர்க்கு வலிப்பு ஒருபோதும் வரவில்லை. அலை பரம்பரையாய் வரலாம், நோய் அதனோடு வந்தே தீரவேண்டும் என்பதில்லை. சட்டங்கள் இவ்வேறுபாட்டை எளிதில் அறிந்துகொள்ளவில்லை. இங்கிலாந்து 1937இன் திருமணச் சட்டத்தில், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைத் திருமணத்தை வெறிதாக்குவதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்து, 1970களின் தொடக்கத்திலேதான் அதனைக் கைவிட்டது. இங்கிலாந்து கைவிட்டதை இந்தியா ஏற்றுக்கொண்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அதே கருத்து இந்துத் திருமணச் சட்டத்தினுள் புகுத்தப்பட்டது. மருத்துவரும் நோயாளர் சங்கங்களும் வாதாடியதன் பின்னர் 1999இல் வலிப்பு என்னும் சொல் அதிலிருந்து நீக்கப்பட்டது.

மூளை அலைக்கும் நோய்க்கும் இடையிலுள்ள தொலைவை அளந்த ஆய்வுகளுள் ஒன்று 1993இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. விமானப் படைப் பயிற்சிக்கு வந்த, நோய் எதுவுமற்ற 13,658 இளைஞரின் பதிவுகளில் 69 பேரிடத்தே வலிப்புக்குரிய கூர்முனை அலைகள் காணப்பட்டன. இது நூற்றுக்கு அரை வீதம். அவர்களுட் பின்னர் தொடர்ந்து அவதானிக்கப்பட்டோரில் ஒருவருக்கே வலிப்பு நோய் உண்டாயிற்று. மறுதலையாக, மெய்யாகவே வலிப்புள்ளோரிடத்து எடுக்கும் முதற்பதிவில் ஏறத்தாழப் பாதியளவில் ஒன்றும் தென்படுவதில்லை. உறக்கத்திற் பதிவுசெய்தால் அல்லது மீண்டும் மீண்டும் பதிவுசெய்தால் மேலும் சிலரிடத்து அலை வெளிப்படும். ஆதலால் இன்றும் நரம்பியல் மருத்துவர், பதிவுத் தாளைக் கையிலெடுக்குமுன், விழுந்தவரை நேரிற் கண்டவர் யாரென்று விசாரிக்கின்றார். வலிப்பு எந்த விரலில், எந்தப் பக்கத்தில் தொடங்கியதென்று அவரிடமே கேட்கின்றார்.